சுங்கமும் சங்கல்பமும்

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே சிறுமலையும் மேற்கே கொடைக்கானல் மலைத்தொடரும் நீலக் கோடுகளாய்த் தெரிய, நடுவே திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளுமாகப் பரந்து கிடக்கும் கொடைரோட்டுச் சமவெளியில் ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. அதைக் கடக்கும் போதெல்லாம் வாகனங்கள் சற்றே தயங்கி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்குத் தலை வணங்குவது போல் வேகம் தணிந்து, பிறகு மறுபடியும் சீறிப் புறப்படுகின்றன. சென்ற கோடையில் ஒருநாள் அவ்விடத்தில் எங்கள் பஸ்ஸும் அவ்வாறே தயங்கி நின்றபோது, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த பெரியவர், கொடைரோட்டை அடுத்த ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருப்பவர், உரம் வாங்கத் திண்டுக்கல்லுக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஒருவரையும் குறிப்பிட்டுச் சொல்லாமல், "ரோடு போட்டவன் காசு கேக்குறான், குடுத்துருவோம். போடாதவன் கேட்டாத்தேன் வயிறு எரியும்" என்றார்.

பொருளாதார சாஸ்திரத்தின் பெரிய பெரிய கிரந்தங்கள் பல அத்தியாயங்களில் பிரித்துச் சொல்ல முயலும் ஒரு பேதத்தை அவர் இரண்டே வாக்கியங்களில் பிரித்துவிட்டார். சாலைக்குக் கொடுப்பதும் சுங்கம். துறைமுகத்தில் அயல்நாட்டுச் சரக்கின் தலையில் விழுவதும் சுங்கம். ஆனால் முன்னது கூலி. பெற்ற பணிக்குக் கொடுக்கும் பிரதிபலன். வேண்டாதவன் பழைய பாதையில் போகலாம். பின்னதோ எந்தப் பணிக்கும் கூலியன்று. அந்தச் சரக்கு வேறிடத்தில் பிறந்தது என்ற ஒரே குற்றத்துக்காக, அதை விரும்பி வாங்குகிறவன் செலுத்தும் அபராதம் அது. வடமொழியில் ‘சுல்கம்’ என்றிருந்து பிராகிருதத்தின் வழியே நம்மிடம் ‘சுங்கம்’ என்று வந்து சேர்ந்த அந்தச் சொல், இவ்விரண்டையும் ஒரே கூடையில் போட்டு வைத்திருப்பதால்தான் நமக்கு எத்தனையோ மயக்கங்கள் உண்டாகின்றன.

சுங்கம் தமிழனுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டசாலைகளில் ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகளின்மேல் சோழனின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை வருணிக்கிறது. ‘உல்கு’ என்ற பழந்தமிழ்ப் பெயரால் வள்ளுவர் அதை அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாகவே கணக்கிடுகிறார். ஆனால் அதே வள்ளுவர், கொடுங்கோன்மையைப் பேசும் இடத்தில், செங்கோலைக் கையில் வைத்துக்கொண்டு குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனை வேலோடு வழிமறிக்கும் கள்வனோடு ஒப்பிடவும் தயங்கவில்லை. அரசனுக்கு உல்கு உண்டு என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, கேட்கும் விதம் தவறினால் அவன் ஆறலை கள்வனாகிவிடுவான் என்று மறு கையால் எச்சரிக்கை செய்த அந்த மகானுடைய சித்தத்தில், இவ்விரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே ஓடியது என்பதை நான் நெடுநாள் யோசித்ததுண்டு.

அந்தக் கோட்டை ஒருவாறு கண்டுகொண்டவனாக எனக்குத் தோன்றும் அரசன் முதற் குலோத்துங்கன். சோழர்கள் தாங்கிய விருதுப் பெயர்கள் பெரும்பாலும் ‘கொண்ட’ என்ற சொல்லைச் சுற்றியே அமைந்தவை: மதுரை கொண்டவன், கங்கை கொண்டவன், கடாரம் கொண்டவன். 1070-ல் அரியணை ஏறிய குலோத்துங்கனோ, கலிங்கப் போரால் பெயர் பெற்றிருந்தும், தான் கைப்பற்றிய ஒன்றால் அல்லாமல் கைவிட்ட ஒன்றால் ‘சுங்கந்தவிர்த்த சோழன்’ என்று சாசனங்களில் நிலைபெற்றான். அவன் காலத்தில், 1077-ல், சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு ஒன்று சீன தேசம் சென்றது. வணிகம் தழைத்த காலம் அது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கொண்டதற்காக அரசர்களைப் பாடியவர்கள் புலவர்கள். தவிர்த்ததற்காக ஒருவனை நினைவில் வைத்தவர்கள், சந்தைக்கு மூட்டை சுமந்த ஜனங்களாகத்தான் இருக்க வேண்டும்.

மேல்நாட்டில் தனிமனித சுதந்திரத்தையே ராஜ்ய தர்மத்தின் அடிப்படையாகக் கொள்ளும் சிந்தனையாளர் பரம்பரை ஒன்று உண்டு. 1776-ல் ஆடம் ஸ்மித் எழுதிய நூல் அவர்களுக்கு ஆதாரம். 1845-ல் பிரெஞ்சுக்காரரான பாஸ்தியா, சூரியன் என்னும் அந்நியப் போட்டியாளன் இலவசமாக ஒளியைக் கொட்டித் தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறான், ஆகையால் ஜன்னல்களையெல்லாம் மூடச் சட்டம் செய்யுங்கள் என்று மெழுகுவர்த்திக்காரர்கள் மகஜர் கொடுப்பதாக எழுதிய பரிகாசம் அவர்களுடைய ஆயுதம். அவர்கள் கேட்கும் கேள்வி எளியது. ஒருவனிடம் பொருள் இருக்கிறது. இன்னொருவனிடம் பணம் இருக்கிறது. இருவரும் மனம் ஒப்பி மாற்றிக்கொள்ள முன்வரும்போது, நடுவே கோலூன்றி நின்று ‘கூடாது’ என்றோ, ‘எனக்கு இவ்வளவு கொடுத்த பின் செய்’ என்றோ சொல்லும் மூன்றாமவனுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? இதை லாப நஷ்டக் கணக்காக மட்டும் பார்ப்பவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள். எனக்கு இது தர்ம விசாரமாகவே படுகிறது. ஒரு நற்காரியத்தை நிர்ப்பந்தத்தால் செய்விக்கும்போது, அது நற்காரியமாகவே நிற்குமா என்பதுதான் கேள்வி.

உள்ளூர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். திண்டுக்கல் பூட்டு என்றால் ஒரு காலத்தில் தென்னாடு முழுவதும் மதிப்பு. ஒவ்வொரு லீவரையும் கையாலேயே அராவி, ஒன்றின் சாவி மற்றொன்றுக்குப் பொருந்தாதபடி செய்த அந்தக் கம்மியர்களின் தொழில், உத்தரப் பிரதேசத்து அலிகரிலிருந்து இயந்திரத்தால் செய்யப்பட்டு மலிவாக வந்து குவிந்த பூட்டுகளின் எதிரே மெலிந்து போயிற்று. 2019-ல் புவிசார் குறியீடு என்ற பட்டயம் கிடைத்தது. பட்டயம் வந்த வேகத்தில் வாடிக்கைக்காரர்கள் வரவில்லை. இந்த நஷ்டத்தைப் பற்றி வருந்தாதவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. ஆயினும், அலிகர்ப் பூட்டுக்குத் திண்டுக்கல் எல்லையில் வரி போட வேண்டும் என்று ஒருவராவது கேட்டதுண்டா? கம்பம் திராட்சையிலிருந்து கொடைரோட்டுத் திராட்சையைக் காக்கத் தேனி ஜில்லா எல்லையில் ஒரு சாவடி வையுங்கள் என்று எந்த விவசாயியும் மகஜர் கொடுக்கவில்லை. அப்படிக் கேட்பது அநியாயம் என்று நமக்கே தோன்றும். உள்நாட்டுச் சுங்கச்சாவடிகள் சென்னை ராஜதானியில் 1844-லேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. பின்னர் வேறு பெயரில் முளைத்த விற்பனைவரிச் சோதனைச் சாவடிகளும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அகன்றன. ஆனால் அதே பூட்டு அலிகரிலிருந்து வராமல் சீனத்திலிருந்து வந்தால், நம் நியாய உணர்ச்சி திடீரென்று தலைகீழாகி, வரி போடுவது தேசபக்தி என்றும், போடாதிருப்பது துரோகம் என்றும் ஆகிவிடுகிறது. கம்மியனின் வயிற்றுக்கு அலிகரும் ஒன்றுதான், சீனமும் ஒன்றுதான். வித்தியாசம் நம் மனத்தில் இருக்கிறது.

அந்த வித்தியாசத்துக்கு ‘சுதேசி’ என்று பெயர். அது புனிதமான பெயர் என்பதில் எனக்குக் கொஞ்சமும் ஆட்சேபமில்லை. ஆனால் அந்தப் பெயரின் உண்மையான தத்துவம் எங்கே விளங்கிற்று என்றால், எந்தச் சட்டசபையிலும் அன்று; இந்தத் தமிழ்நாட்டு ரயில் வண்டி ஒன்றில் விளங்கிற்று.

1921 செப்டம்பரில் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்தார். வடக்கிலிருந்து மதுரை செல்லும் இருப்புப்பாதை அன்றும் இன்றும் திண்டுக்கல்லையும் கொடைரோட்டையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அந்த ரயில் பயணத்தில் நடந்ததை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வண்டியில் அந்நியத் துணி உடுத்தியிருந்த ஜனங்களிடம் கதரைப் பற்றி அவர் பேசினார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, கதர் விலை அதிகம், எங்களைப் போன்ற ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது என்றார்கள். அந்த விடையில் உண்மை இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. பிரசங்கத்தால் அந்த உண்மையை வென்றுவிட முடியாது என்றும் கண்டார். செப்டம்பர் 22-ஆம் தேதி காலையில் மதுரையில் சட்டையையும் குல்லாயையும் களைந்து, முழங்காலளவு துண்டோடு வெளியே வந்தார்.

இந்தச் செயலை நாம் தியாகம் என்று புகழ்ந்து பழகிவிட்டபடியால், அதிலுள்ள தர்க்கத்தைக் கவனிக்கத் தவறிவிட்டோம். எதிரே ஒரு கஷ்டம்: நல்ல துணி விலை அதிகம், மற்றத் துணி விலை மலிவு. ராஜாங்கத்தின் வழி என்ன? மலிவான துணியின் தலையில் வரியைப் போட்டு, அதையும் விலை ஏற்றி, ஏழையை வேறு வழியின்றி நல்ல துணிக்குத் தள்ளுவது. காந்தியடிகளின் வழி என்ன? தன் துணியைக் குறைத்துக்கொள்வது. அந்த ஏழையின் கூடையில் இருந்து ஒரு தம்பிடியையும் எடுக்காமல், ஏழை வாங்கக்கூடியது எதுவோ அதற்கே தன்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். முன்னது சுங்கம், பின்னது சங்கல்பம். நானே உண்ணாதிருந்தால் அது நோன்பு. பக்கத்து இலையில் இருப்பதை நான் எடுத்துவிட்டு, ‘நீயும் நோன்பிருக்கிறாய்’ என்று அவனைப் பாராட்டினால், அதற்குப் பெயர் நோன்பல்லவே.

என் தகப்பனார் ஆயுள் முழுவதும் கதரே உடுத்தினார். மாதம் ஒருமுறை அம்பாத்துறைப் பக்கம் காந்திகிராமம் போய் வேட்டியோ துண்டோ வாங்கி வருவது அவருக்குத் தீர்த்த யாத்திரை போல. அம்மாவுக்கோ சின்னாளபட்டியில் நெய்த செயற்கைப் பட்டுச் சேலைதான் பிரியம்; அந்நாளில் ‘சின்னாளபட்டு’ என்றால் கல்யாண வீடுகளில் ஒரு மவுசு உண்டு. மரக்கூழைக் கரைத்து ஆலையில் இழுத்த நூல். கைத்தறியில் நெய்த சேலை. அது சுதேசியா அல்லவா என்பதை நிர்ணயிக்க ஒரு சாஸ்திரிகளே வேண்டும். காந்திகிராமத்துக்கும் சின்னாளபட்டிக்கும் கூப்பிடு தூரந்தான். எங்கள் வீட்டில் கயிற்றுக் கொடியில் இரண்டும் அடுத்தடுத்துக் காய்ந்தன. ஒரு தீபாவளியன்று, சித்தப்பா வேடிக்கையாக, "அண்ணன் விரதம் அண்ணியைத் தொடலையே!" என்று சீண்டினார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "விரதம் என்னுது. அவளுக்கு எதுக்குப் பசிக்கணும்?" என்று கேட்டார். பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

இதை இவ்வளவோடு நிறுத்தினால் என் வாதம் அழகாக முடிந்துவிடும். ஆனால் சரித்திரம் என் சௌகரியத்துக்காக நடக்கவில்லை. மதுரையில் சட்டையைக் களைந்த அதே காந்தியடிகள், 1930 ஜனவரியில் வைசிராய் இர்வினுக்கு முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில், உப்பு வரியை ஒழிக்க வேண்டும் என்பது ஒன்று. அந்நியத் துணிக்குக் காப்பு வரி விதிக்க வேண்டும் என்பது மற்றொன்று. அந்த ரயிலில் ‘கட்டுப்படியாகாது’ என்று தலையாட்டிய ஏழையை மறுபடி நினைத்துப் பாருங்கள். உப்பு வரி அவனுடைய கஞ்சியிலிருந்து எடுக்கிறது. துணி வரி அவனுடைய இடுப்பிலிருந்து எடுக்கிறது. ஒன்றை நீக்கி ஒன்றை ஏற்று என்பதில், ஏழையின் பக்கம் நின்று பார்த்தால், என்ன முறை இருக்கிறது? ரூபாயின் நாணய மாற்று விகிதத்தைக் குறைக்க வேண்டும், கடலோரக் கப்பல் போக்குவரத்தை இந்தியருக்கு ஒதுக்க வேண்டும் என்பனவும் அதே பட்டியலில் இருப்பதைப் பார்க்கும்போது, அதை வரைகையில் சில ஆலை முதலாளிகளின் மூச்சுக்காற்றும் காகிதத்தின்மேல் பட்டிருக்குமோ என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு.

அவருக்காகவும் பேச வேண்டியது உண்டு. ஆளுகிற சர்க்கார் நடுநிலையில் நின்றிருந்தால் சங்கல்பம் மட்டும் போதும் என்று சொல்லலாம். அது நடுநிலையில் நிற்கவில்லை. லங்காஷயர் ஆலைக்காரர்களின் மனம் நோகக்கூடாதென்று, இந்திய ஆலைகளில் நெய்த துணிக்கே நூற்றுக்கு மூன்றரை வீதம் கலால் வரியை 1896-ல் சுமத்தி, 1925 வரையில் அதை வசூலித்த ராஜ்யம் அது. தராசின் ஒரு தட்டில் சர்க்காரே விரலை வைத்து அழுத்தும்போது, மறு தட்டிலும் ஒரு விரலை வை என்று கேட்பவனைப் பெரிய குற்றவாளியாக நான் கருத மாட்டேன். ஆனால் விரலை எடு என்று கேட்டிருந்தால், அதுவே சுத்தமான கோரிக்கை. சுதந்திரம் வந்த பிறகு, 1947-ன் இறுதியில், உணவுக்கும் துணிக்கும் இருந்த கட்டுப்பாடுகளை அகற்றுங்கள் என்று தம் பிரார்த்தனைக் கூட்டங்களில் அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். அப்போது நடந்தது நம்முடைய ராஜ்யம். மதுரையில் தொடங்கிய தர்க்கம் கடைசி மாதங்களில் மறுபடி அவரிடம் வந்து சேர்ந்தது என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

அவருடைய சம்பந்தியான ராஜாஜியின் கதை இதைவிடச் சிக்கலானது. தமிழர்களாகிய நமக்கு நெருக்கமானதும் கூட. 1952-ல் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக வந்த சில மாதங்களுக்குள், உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் ஒரேயடியாக எடுத்துவிட்டார். ஊரெல்லாம் பஞ்சம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் இருந்தார்கள். பதுங்கியிருந்த நெல் வெளியே வந்தது. 1959-ல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று குடிமகனைக் கச்சேரி வாசலில் நிறுத்தும் முறையைத் தம் முழு அறிவாற்றலையும் கொண்டு எதிர்த்தார். வரம்பற்ற வணிகத்தின் லாபத்தைக் கண்டு மயங்கியவர் அல்லர் அவர். தர்மம் என்பது மனிதனின் உள்ளத்திலிருந்து எழ வேண்டியது, குமாஸ்தாவின் முத்திரையிலிருந்து எழுவதன்று என்பதே அவருடைய ஆழ்ந்த அபிப்பிராயம்.

ஆனால் இதே ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைச் சட்டமாக்கினார். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். அதன் சந்ததியார்தான் இன்று ஒவ்வொரு கடை ரசீதின் அடியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நிர்ப்பந்தத்தால் குடியை நிறுத்தி, அந்த நிர்ப்பந்தத்தின் செலவுக்கு இன்னொரு நிர்ப்பந்தம். குடிக்காதிருப்பது சங்கல்பம் என்றால், குடிக்க விடாதிருப்பது எது? குடிகாரனின் கூலியில் அவன் மனைவி மக்களுக்கும் பங்கு உண்டு, அவர்களுடைய சம்மதமின்றி அது கடையில் செலவாகிறது, ஆகவே இது வேறு ஜாதிக் கேள்வி என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தை நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். முழுத் திருப்தி இல்லை. ஏனென்றால், அந்நியத் துணி வாங்குகிறவனின் செயலால் நெசவாளி வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று இன்னொருவர் அதே தர்க்கத்தை எடுத்தால், அவருக்கு என்ன பதில் சொல்வது? இந்த முடிச்சை அவிழ்க்க என்னால் இயலவில்லை. அதை மறைத்துவிட்டு மேலே போகவும் மனமில்லை.

நிகழ்காலத்துக்கு வருவோம். திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய பஞ்சில் தமிழ்நாட்டில் விளைவது சொற்பம். குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருவது போக, நீண்ட இழைப் பஞ்சு கடல் கடந்தும் வர வேண்டியிருக்கிறது. 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு மொத்தம் 11 சதவீத இறக்குமதி வரி வந்தது. (நூறு ஆண்டுகளுக்கு முன், காந்தியடிகள் மதுரை வந்த அந்த 1921-லேயே, வெள்ளைக்கார சர்க்கார் இறக்குமதித் துணிக்கு விதித்த வரியும் இதே 11 சதவீதம்தான், எண்களுக்கும் மறுபிறவி உண்டு போலும்.) பருத்தி விவசாயியைக் காக்க இந்த வரி என்றார்கள். ஆலைக்காரர் அழுதார், 2022-ல் சில மாதங்கள் விலக்கு வந்தது, மறுபடி வரி, 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரி போட்டுத் திருப்பூர்ப் பனியன்கள் கிடங்குகளில் தேங்கத் தொடங்கிய அதே மாதத்தில் மறுபடியும் விலக்கு, முதலில் செப்டம்பர் வரை, பிறகு டிசம்பர் 31 வரை. வரி இருந்தபோது நூலாலையும் அதன் வழியே நெசவாளியும் சேலை உடுத்துபவளும் கொடுத்தார்கள். வரி விலகியபோது பருத்தி விவசாயி தன்னைக் கைவிட்டார்கள் என்று குமுறினார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. இங்கோ எத்தனை பக்கம் என்று எண்ணி மாளவில்லை.

அமெரிக்கர் போட்ட வரியை இந்தியர்மேல் போட்ட வரி என்று நாமும் சொல்கிறோம், அவர்களும் சொல்லிக்கொள்கிறார்கள். நியூயார்க் துறைமுகத்தில் அதைச் சர்க்காருக்குக் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதி வியாபாரி. அதில் பெரும் பங்கு கடைசியில் வந்து சேருவது பனியன் வாங்கும் அமெரிக்கன் தலையில். இதை அந்நாட்டுச் சுதந்திரவாதிகள் ஓயாமல் எடுத்துச் சொல்லியும் கேட்பாரில்லை. இத்தகைய சண்டைகளில் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு விழுவதும் சகஜம்: 2018-ல் அவர்கள் நம் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் வரி போட்டார்கள், பதிலாக 2019-ல் நாம் அவர்களுடைய ஆப்பிளுக்கு, ஏற்கனவே இருந்த 50 சதவீதத்தின் மேல், இன்னும் 20 சதவீதம் ஏற்றினோம். யாரோ உருக்கிய இரும்புக்காக, காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குப் பழம் வாங்குகிறவள் தண்டம் கட்டினாள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சின்னாளபட்டித் தெருவில் தறிச் சத்தம் குறைந்துபோன வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச நேர்ந்தால் என் குரல் தானே தாழ்ந்துவிடும். மனம் ஒப்பிய பரிமாற்றம் என்று சுதந்திரவாதி சொல்கிறான். பசித்தவனுடைய ஒப்புதல் ஒப்புதலா என்று அந்தத் திண்ணை கேட்கிறது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-ல் சட்டம் செய்தார்கள். 22 ரகங்களாக இருந்தவை பிற்பாடு 11 ஆகச் சுருங்கின. ஒதுக்கியவற்றையும் விசைத்தறி ஓசையின்றி நெய்துகொண்டுதான் இருக்கிறது. வேலி போட்டும் பயிர் நிற்கவில்லை என்பது வேலியைப் பற்றிய உண்மை. பயிர் வாடியது என்பதும் உண்மைதானே. நெசவாளிக்கு உதவ வேண்டியது நம் கடமை என்றால், அந்த உதவியைத் துணியின் விலைக்குள் ஒளித்து வைத்து, யார் கொடுத்தார்கள் யார் பெற்றார்கள் என்று தெரியாதபடி செய்வதைவிட, பொக்கிஷத்திலிருந்து வெளிப்படையாக எடுத்துக் கையில் கொடுப்பது நேர்மையானது என்று நான் நினைக்கிறேன். அதைவிடவும் மேலானது, ஒருவன் கடைக்குப் போய், விலை அதிகம் என்று தெரிந்தே, அந்தச் சேலையைத் தன் மகளுக்கென்று கேட்டு வாங்குவது. அத்தனை பேர் வருவார்களா என்றால், வரமாட்டார்கள். வராத ஜனங்களைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தலாமா என்ற இடத்தில்தான் நானும் என் சிநேகிதர்கள் பலரும் பிரிகிறோம்.

பஸ்ஸில் அந்தத் திராட்சைக்காரப் பெரியவரிடம் இந்தச் சங்கதிகளில் கொஞ்சம் பேசிப் பார்த்தேன். வெளிநாட்டுத் திராட்சை பெட்டி பெட்டியாக வருகிறதே, அதற்கு வரியை ஏற்றினால் உங்களுக்கு நல்லதுதானே என்று கேட்டேன்.

"ஏத்தட்டும்னுதேன் சொல்லுவேன். நான் வெளைய வைக்கிறவன்ல?" என்று சிரித்தார். சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஆனா பொட்டாசுக்கு ஏத்தக்கூடாதுங்கய்யா. அது நம்ம நாட்டுல கெடைக்கிறதில்ல. அதப் போடாட்டி பழத்துல இனிப்பு ஏறாது" என்றார்.

"ஏத்தினா?"

"ஏத்தினா, பழத்து வெலைய நான் ஏத்துவேன். நீங்க வாங்க மாட்டீங்க." இதில் யார்மீதும் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

திண்டுக்கல் மலைக்கோட்டை தெரியத் தொடங்கியது. பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போது எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டவர், இறங்கும் முன் என் பக்கம் குனிந்து, "அடுத்த அறுப்புக்கு நம்ம தோட்டத்துக்கு வாங்கய்யா. பந்தலுக்கு அடியில நின்னு வேணுங்கிற மட்டும் தின்னுங்க. அதுக்குக் காசு வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, உரக்கடை இருக்கும் திசையில் நடந்தார்.